நான் 412, அவர் 655: எந்த எண்ணை எழுதுவது?

முதல்சீசன் எழுதியது:

வணக்கம். இங்கே வட அமெரிக்காவில் வலசை போகிற பருந்துகளை எண்ணும் வேலைக்கு நான் புதிது. ஆகஸ்ட் கடைசியிலிருந்து சனி, ஞாயிறு தவறாமல் மலைமுகட்டில் போய் உட்கார்கிறேன். முதல் இரண்டு வாரம் பெரிதாக ஒன்றுமில்லை. ஒரு மணி நேரத்துக்கு ஒரு விராலடிப்பான் (மீன் பிடிக்கும் பருந்து), எப்போதாவது ஒரு கெஸ்ட்ரல் (சின்ன வல்லூறு), மற்ற நேரமெல்லாம் ஈ ஓட்டுவதுதான். எண்ணிக்கைத் தாளில் என் கையெழுத்து அழகாக இருந்தது. அவ்வளவுதான் சாதனை.

போன சனிக்கிழமை கதையே மாறிவிட்டது. வியாழன் இரவு மழை பெய்து ஓய்ந்து, வடமேற்குக் காற்று வீச ஆரம்பித்திருந்தது. பத்தே முக்கால் மணிக்குத் தூரத்து மேட்டுக்கு மேலே எள் தூவினது போல ஏதோ தெரிந்தது. பைனாகுலரில் பார்த்தால் அத்தனையும் அகன்ற சிறகுப் பருந்துகள், நம் ஆட்கள் பிராட்விங் என்று சொல்வார்களே, அவை. சுற்றிச் சுற்றி மேலே ஏறிக்கொண்டே இருந்தன. கை நடுங்கியது, பொய் சொல்லவில்லை.

11 மணியிலிருந்து 12 மணி வரை நான் எண்ணியது 412. பக்கத்து நாற்காலியில் இருந்த பெரியவர் எண்ணியது 655. அவர் பல ஆண்டுகளாக எண்ணுகிறவர். என் கிளிக்கரை (அழுத்த அழுத்த எண் கூடுகிற கைக்கருவி) எட்டிப் பார்த்தார், ஒரு சின்னச் சிரிப்பு, தாளில் 655 என்று எழுதினார். நானும் எதுவும் கேட்கவில்லை. ஆனால் அன்று இரவு தூக்கம் வரவில்லை. மீதி 243 பருந்து எங்கே போனது? அவர் கூட்டிச் சொல்கிறாரா, நான் கண்ணை மூடிக்கொண்டிருந்தேனா? இப்படி வித்தியாசம் வந்தால் இரண்டையும் கூட்டி வகுத்து 533 என்று எழுதுவதுதானே நியாயம்?

இன்னொன்று. முப்பதுக்கு மேற்பட்ட பறவைகள் என்னவென்றே எனக்குத் தெரியவில்லை. எல்லாரும் பிராட்விங் என்று சொன்னதால் நானும் பிராட்விங்கில் சேர்த்துவிட்டேன். அது உறுத்துகிறது.

கழுத்து வலிக்கு யாராவது வழி சொன்னாலும் கோடி புண்ணியம்.

---

முகட்டுக்கல் எழுதியது:

533 மட்டும் எழுதிவிடாதீர்கள். 412 நீங்கள் பார்த்தது. 655 அவர் பார்த்தது. 533-ஐப் பார்த்தவர் அந்த மலையில் யாருமே இல்லை.

நான் இதில் பதினாறாவது சீசன். உங்கள் கேள்வியைப் படித்ததும் எனக்கு முதலில் தோன்றியது ஒன்றுதான்: சுழலுக்குள்ளேயே எண்ணினீர்களா? (கெட்டில் என்பார்கள். பானையில் தண்ணீர் கொதிக்கிற மாதிரி இருக்கிறதாம். எனக்கு அது சுழல்தான்.) புதிதாக வருகிற எல்லாரும் செய்வது அதுதான். நானும் செய்தேன். முதல் ஆண்டு ஒரே சுழலை மூன்று முறை எண்ணினேன்: 60, அப்புறம் 85, அப்புறம் 71. ஒவ்வொரு பறவையும் சுற்றிக்கொண்டிருக்கிறது. நீங்கள் எண்ணி முடித்தது பின்பக்கம் போய்த் திரும்ப முன்னால் வருகிறது. எண்ணாதது வெயிலில் சாய்ந்து காணாமல் போகிறது. அதில் யாராலும் எண்ண முடியாது. சிரமப்படுவது வீண்.

அப்போது என்னுடன் இருந்த அம்மா ஒருவர் பைனாகுலரைக் கையால் தாழ்த்திவிட்டுச் சொன்னார்: "சுழலில் எண்ணாதே, சாரையில் எண்ணு."

என்ன நடக்கிறது என்று பாருங்கள். வெயிலில் தரை சூடாகி, அந்தக் காற்று தூண் மாதிரி மேலே எழுகிறது. பருந்து அதற்குள் புகுந்து சிறகடிக்காமலே லிஃப்டில் போகிற மாதிரி ஏறுகிறது. தூணின் உச்சியில் ஏற்றம் தளர்ந்துவிடும். அங்கே போனதும் முதல் பறவை சுற்றுவதை நிறுத்தும். சிறகை லேசாக உள்வாங்கும். உடம்பே ஒரு அம்பு முனை மாதிரி ஆகும். அப்படியே தென்மேற்காகச் சறுக்க ஆரம்பிக்கும். பின்னாலேயே அடுத்தது, அதற்குப் பின்னால் இன்னொன்று. எறும்புச் சாரைதான், வானத்தில். அந்த இடத்தில் எண்ணுங்கள். ஒரு மேகத்தின் ஓரத்தையோ மலையின் ஒரு மேட்டையோ கோடாக வைத்துக்கொண்டு, அந்தக் கோட்டைத் தாண்டுகிறவற்றை மட்டும் எண்ண வேண்டும். பைனாகுலரை அசைக்கக்கூடாது. பறவைகள் உங்களைத் தாண்டிப் போகட்டும்.

சாரை தடித்துவிட்டால் ஒவ்வொன்றாக எண்ண நேரம் இருக்காது. பத்தை ஒழுங்காக எண்ணி, அந்தப் பத்து எவ்வளவு இடத்தை அடைக்கிறது என்று கண்ணில் பதிய வையுங்கள். அதையே முழமாக வைத்து மீதியை அளக்கலாம். ஒரு பத்துக்கு ஒரு அழுத்து. உங்கள் பெரியவர் அப்படித்தான் எண்ணியிருப்பார். பெரிய கூட்டத்தைப் பார்த்துக் குத்துமதிப்பாகச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்வார்கள், கூட்டிச் சொல்வது அரிது. அதனால் அவர் கதை விடுகிறார் என்று நினைக்க வேண்டாம்.

இன்னொன்று, அன்று வானம் எப்படி இருந்தது? மேகமே இல்லாத நீலமா? அப்படியென்றால் பாதி விடை அங்கேயே இருக்கிறது. பார்க்கிறவர்கள் நல்ல நாள் என்று மகிழ்ந்து போவார்கள், எண்ணுகிறவர்களுக்கு அதுதான் மோசமான நாள். வெறும் நீலத்தைப் பார்க்கும்போது கண்ணுக்குப் பிடிமானம் எதுவும் கிடைப்பதில்லை. அது தானாக ஓரிரு மீட்டர் தூரத்துக்குக் குவிந்து நின்றுவிடும். உச்சியில் போகிற பருந்து கண் முன்னாலேயே இருந்தும் தெரியாது. ஒவ்வொரு முறையும் முதலில் தூரத்து மலையைப் பாருங்கள். கண் அந்தத் தூரத்துக்குப் பழகியதும் அப்படியே வானத்துக்குத் தூக்குங்கள். வெள்ளை மேகம் ஒன்று வந்தால் விடாதீர்கள், அதுதான் நம் திரைச்சீலை. பைனாகுலரில் ஒரு வீச்சு, வெறுங்கண்ணில் ஒரு வீச்சு என்று மாற்றி மாற்றிப் பாருங்கள். எதிரே மட்டும் பார்க்காமல் தலைக்கு மேலேயும்.

எந்த எண்ணை எழுதுவது என்றால், அன்று பொறுப்பில் இருக்கும் ஒருவருடைய எண்ணை. மற்றவர்கள் கண்டதைக் கூவிச் சொல்லலாம், எண்ணுவது அவர். உங்கள் முகட்டில் அது பெரியவர் என்றால் 655தான். உங்கள் 412-ஐத் தனி நோட்டில் குறித்து வையுங்கள். மூன்று சீசன் கழித்து எடுத்துப் பார்த்தால் சிரிப்பு வரும்.

கழுத்துக்கு: சாய்வு நாற்காலி. மடக்கு ஸ்டூலில் உட்காருகிறவர்கள் எல்லாரும் அக்டோபரில் வைத்தியரிடம்தான் போகிறார்கள். அப்புறம் கிளிக்கரைச் சட்டைப் பையில் போடாதீர்கள். நான் ஒரு முறை போட்டுக்கொண்டு ஷூ கயிறு கட்டக் குனிந்தேன். நிமிர்ந்தபோது 17 பருந்து பைக்குள்ளேயே வலசை போயிருந்தது.

---

சந்தேகப்பேர்வழி எழுதியது:

யாரையும் புண்படுத்தக் கேட்கவில்லை. பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்த இரண்டு பேருக்கே இத்தனை வித்தியாசம் என்றால், இந்த எண்கள் பருந்தைப் பற்றிச் சொல்கின்றனவா, எண்ணுகிறவரைப் பற்றிச் சொல்கின்றனவா?

1999 செப்டம்பர் 17 அன்று டெட்ராய்ட் ஆறு ஈரி ஏரியில் கலக்கிற இடத்தில் ஒரே நாளில் 5 லட்சத்துக்கு மேல் பிராட்விங் எண்ணினார்கள் என்று படித்திருக்கிறேன். ஐந்து லட்சம்! மெக்சிகோவில் வெராக்ரூஸில் ஓர் இலையுதிர்காலத்துக்கு 40 லட்சத்துக்கு மேல் இரைகொல்லிப் பறவைகளாம். யார் எண்ணியது, எப்படி? ஒரு கல்யாணத்துக்கு எத்தனை பேர் வந்தார்கள் என்பதையே நம்மால் ஒழுங்காகச் சொல்ல முடிவதில்லை.

---

முகட்டுக்கல் எழுதியது:

நல்ல கேள்விதான். கல்யாணம் ஒரு நாள். ஒரே மண்டபத்து வாசலில் ஒரே மாதிரி ஆட்கள் தொண்ணூறு ஆண்டு நின்று எண்ணினால் ஊர் வளர்கிறதா தேய்கிறதா என்று சொல்லிவிடலாம் இல்லையா?

பென்சில்வேனியாவில் ஹாக் மவுண்டன் என்று ஒரு முகடு. 1930-களின் தொடக்கத்தில் இலையுதிர்காலம் வந்தால் துப்பாக்கியோடு வரிசையாக நிற்பார்கள். பருந்து என்றாலே கோழி திருடும் பூச்சாண்டி, சுட்டால் நல்ல காரியம் என்ற காலம். ரிச்சர்ட் பௌ என்பவர் 1932-இல் அங்கே போய், காட்டுத் தரையில் வரிசையாகக் கிடந்த செத்த பருந்துகளைப் படம் எடுத்தார். அதைக் கேள்விப்பட்டு ரோசலி எட்ஜ் என்ற அம்மா 1934-இல் அந்த மலையில் 1,400 ஏக்கரைக் குத்தகைக்கு எடுத்துவிட்டார். சுடுகிறவர்களைத் தடுக்க மாரிஸ் புரூனையும் அவர் மனைவி இர்மாவையும் காவலுக்கு வைத்தார். காவலுக்குப் போன புரூன் கையோடு எண்ணவும் ஆரம்பித்தார். இரண்டாம் உலகப் போரில் மூன்று ஆண்டு நின்றது. அது தவிர இன்று வரை அதே முகட்டில் எண்ணுகிறார்கள்.

இதில் என்ன கிடைத்தது என்கிறீர்களா? புரூன் மொத்தம் மட்டும் எழுதவில்லை, வெண்தலைக் கழுகில் இளசு எது, பெரியது எது என்றும் பிரித்து எழுதினார். 1935 முதல் 39 வரை பார்த்த கழுகுகளில் 40 சதவீதம் இளசு. 1955 முதல் 59 வரை 20 சதவீதம்தான். 1957-இல் 32 பெரிய கழுகுக்கு ஒரே ஓர் இளங்கழுகு. பெரியவை வழக்கம் போலப் பறந்து போய்க்கொண்டிருந்தன. சும்மா அண்ணாந்து பார்த்தவர்களுக்குக் கழுகு இருக்கத்தானே இருக்கிறது என்று தோன்றியிருக்கும். கூட்டில் முட்டை பொரியவில்லை என்பதைத் தாளில் இருந்த எண்தான் காட்டிக்கொடுத்தது. எழுத்தாளர் ரேச்சல் கார்சன் 1962-இல் பூச்சிமருந்துகளைப் பற்றி எழுதியபோது இந்தக் கணக்கை எடுத்துக்காட்டினார். 1972-இல் அமெரிக்காவில் அந்தப் பூச்சிமருந்துகளில் ஒன்றான டிடிடிக்குத் தடை வந்தது. 2007-இல் வெண்தலைக் கழுகு அழியும் நிலையில் உள்ளவற்றின் பட்டியலிலிருந்து வெளியே வந்தது.

புரூன் எல்லாக் கழுகையும் பார்த்தாரா? வாய்ப்பே இல்லை. எத்தனையோ தலைக்கு மேலே தெரியாமல் போயிருக்கும். ஆனால் 1937-இலும் விட்டிருப்பார், 1957-இலும் விட்டிருப்பார். விடுகிறது ஒரே மாதிரி இருந்தால் ஒப்பிட முடியும். அதனால்தான் தாளில் பருந்தை விட மற்றதே அதிகம்: எத்தனை மணிக்கு ஆரம்பித்தோம், எத்தனை பேர், காற்று எந்தப் பக்கம், மேகம் எவ்வளவு, எவ்வளவு தூரம் தெரிந்தது. புதியவர்கள் அலுத்துக்கொள்வார்கள். எனக்கு அந்தக் கட்டங்கள்தான் முக்கியம். அவை காலியாக இருந்தால் 655 வெறும் பெருமை.

ஒன்றை ஒப்புக்கொள்கிறேன். எண் குறைந்தாலே பறவை செத்துவிட்டது என்று முடிவு கட்ட முடியாது. ரெட்டெயில் என்கிற செவ்வால் பருந்து பல முகடுகளில் குறைந்தது. குளிர் குறைந்ததால் அவற்றில் பல வடக்கிலேயே தங்கிவிடுகின்றன, நம்மைத் தாண்டி வருவதே இல்லை. கெஸ்ட்ரல் குறைவது வேறு கதை, அது கவலைப்பட வேண்டியது. எது எது என்று ஒரு முகட்டின் தாளை வைத்துச் சொல்ல முடியாது. பல முகடுகளைச் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

வெராக்ரூஸ் பற்றி: ஒரு பக்கம் மலைத்தொடர், மறு பக்கம் கடல், நடுவில் ஒடுங்கிய சமவெளி. கடல் மேல் காற்றுத் தூண் எழாது என்பதால் பருந்து கடலுக்குப் போகாது. கண்டத்தின் பாதி கூட்டம் அந்தச் சந்துக்குள் நுழைகிறது. அங்கேயும் இதே சாரை, இதே கிளிக்கர்தான். பத்துக்குப் பதில் சில நேரம் நூறாக அழுத்த வேண்டும், அவ்வளவே.

---

சிறகடி எழுதியது:

அக்கா எல்லாம் சொல்லிவிட்டார். அந்த முப்பது பெயர் தெரியாத பறவையை மட்டும் நான் எடுத்துக்கொள்கிறேன், ஏனென்றால் அதில் எனக்குக் கோபம் உண்டு.

"எல்லாரும் பிராட்விங் என்றார்கள், நானும் சேர்த்துவிட்டேன்" என்பதுதான் இந்த வேலையில் ஒரே பாவம். தாளில் "அடையாளம் தெரியாதது" என்று கட்டம் சும்மா போடவில்லை. அதை நிரப்புவதில் வெட்கம் எதுவும் இல்லை. அந்தக் கட்டம் எப்போதும் காலியாக இருக்கிற தாளைப் பார்த்தால்தான் எனக்குச் சந்தேகம் வரும்.

நிறத்தைத் தேடாதீர்கள். அந்த உயரத்தில் எல்லாம் கறுப்புப் புள்ளி. எப்படிப் பறக்கிறது என்று பாருங்கள். நாலைந்து சிறகடி, ஒரு சறுக்கல், மறுபடி நாலைந்து சிறகடி என்றால் ஷார்ப்பி (ஷார்ப்-ஷின்ட் பருந்து) அல்லது கூப்பர் பருந்து. தலை சிறகுக்கு முன்னால் நன்றாக நீட்டிக்கொண்டிருந்தால் கூப்பர், கழுத்தே இல்லாத மாதிரி இருந்தால் ஷார்ப்பி. இரண்டு சிறகையும் மேலே தூக்கிப் பிடித்துக்கொண்டு, போதை ஏறியவன் மாதிரி இந்தப் பக்கம் அந்தப் பக்கம் ஆடிக்கொண்டே வந்தால் டர்க்கி வல்ச்சர் (ஒரு வகைப் பிணந்தின்னி). சிறகு மணிக்கட்டில் மடிந்து முன்னிருந்து பார்க்க எம் என்ற ஆங்கில எழுத்து போல இருந்தால் விராலடிப்பான். பலகையை வைத்தது போலச் சிறகு நேராக, அசையாமல் வந்தால் கழுகு.

நாள்காட்டியும் உதவும். செப்டம்பர் நடுவில் பிராட்விங், அக்டோபர் தொடக்கத்தில் ஷார்ப்பி, நவம்பரில் பொன்னாங்கழுகு. ஆனால் நாள்காட்டியை மட்டும் நம்பினால் பிராட்விங் கூட்டத்தில் ஒளிந்து போகிற ஒற்றை விராலடிப்பானை விட்டுவிடுவீர்கள். சுழலில் பலதும் கலந்திருக்கும். ஏறுவதற்கு இலவசக் காற்று, யார் விடுவார்கள்?

நான் ஒரு முறை நாகாலாந்தில் தோயாங் நீர்த்தேக்கத்துக்குப் போய் அமூர் வல்லூறுகளைப் பார்த்தேன். அது வேறு உலகம். பகல் சுழலை எண்ணப் பழகிய கண் அங்கே உதவவில்லை. சாயங்காலம் அடைவதற்கு வருகிறபோது ஒவ்வொரு திசையிலிருந்தும் இறங்கி, மரங்களும் கம்பிகளும் நிறைந்துபோய், இருட்டும் வரை கூச்சல். 2012-இல் அங்கே ஆயிரக்கணக்கில் வலை போட்டுப் பிடித்தார்கள், படங்கள் உலகமெல்லாம் சுற்றின. பாங்தி மாதிரி ஊர்க்காரர்களே முன்வந்து அடுத்த ஆண்டே வேட்டையை நிறுத்திவிட்டார்கள். 150 கிராம் எடையுள்ள பறவை அரபிக்கடலை ஒரே மூச்சில் தாண்டித் தெற்கு ஆப்பிரிக்காவுக்குப் போகிறது. காற்றுத் தூணை நம்பியிருக்கிற பிராட்விங் கடலைப் பார்த்தாலே ஒதுங்கும், இது சிறகடித்தே கடந்துவிடும். 

சரி, தலைப்பை விட்டு வெகுதூரம் வந்துவிட்டேன்.

---

முதல்சீசன் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. முகட்டுக்கல் அக்கா, நீங்கள் சொன்னது சரி, நான் சுழலுக்குள்ளேதான் எண்ணினேன். கூடவே ஒரு தவறும்: பைனாகுலரைப் பறவைகளோடு சேர்த்து நகர்த்திக்கொண்டே போனேன். ஒரே பறவைகளைத் துரத்திக்கொண்டு இருந்திருக்கிறேன்.

இந்தச் சனிக்கிழமை பெரியவரிடம் தைரியமாகக் கேட்டுவிட்டேன். "சார், அந்த 655-இல் நான் விட்டது எங்கே?" அவர் யோசிக்கக்கூட இல்லை. கையைத் தூக்கி நேர் உச்சியைக் காட்டினார். எதிரே இருந்த சுழலை நான் வாய் பிளந்து பார்த்துக்கொண்டிருந்தபோது, நம் தலைக்கு மேலே மிக உயரத்தில் ஒரு சாரை போய்க்கொண்டே இருந்ததாம். சுமார் பத்து நிமிடம். "முன்னாடியே சொல்லியிருக்கலாமே" என்றேன். "சொன்னேன். உன் காதில் விழவில்லை" என்றார்.

அந்த முப்பது பறவைகளையும் அவரிடம் சொன்னேன். என் நோட்டில் பிராட்விங்கை அடித்துவிட்டு "தெரியாதது" என்று மாற்றச் சொன்னார். அவர் தாளில் அந்த மணி நேரத்துக்கு ஏற்கனவே 9 தெரியாதது இருந்தது. நான் பார்க்கவே இல்லை.

இந்த வாரம் தெற்குக் காற்று, மந்தாரம். பிராட்விங் எல்லாம் போய்விட்டன போல. ஏழு மணி நேரத்தில் மொத்தம் 23: ஷார்ப்பி 11, விராலடிப்பான் 4, கெஸ்ட்ரல் 3, டர்க்கி வல்ச்சர் 3, வெண்தலைக் கழுகு 1, தெரியாதது 1. எண்ணியது நான், பெரியவர் பக்கத்தில் தூங்கினார் (அவர் மறுக்கிறார்). கழுகு இளசு. உடம்பெல்லாம் பழுப்பு, சிறகின் அடிப்பக்கத்தில் அழுக்கு வெள்ளை, தலை வெளுக்கவே இல்லை. அவரை எழுப்பிக் காட்டி உறுதி செய்துகொண்டேன். தாளில் "இளசு" என்ற கட்டத்தில் 1 போட்டபோது புரூனை நினைத்துக்கொண்டேன்.

மதியம் 1 முதல் 2 வரை ஒன்றுமே வரவில்லை. கட்டத்தைக் காலியாக விட்டுவிட்டு அடுத்த வரிக்குப் போனேன். பெரியவர் கண்ணைத் திறக்காமலே, "பூஜ்யம் போட்டாயா?" என்றார்.

போட்டுவிட்டேன்.

சாய்வு நாற்காலி வாங்கியாயிற்று. கழுத்து பரவாயில்லை, இப்போது இடுப்பு வலிக்கிறது.